குறை சொல்ல ஒரு நேரம்

கச்சான் காற்றில் வாவிக்கரை மண் பொரிந்துகொண்டிருந்த ஆனி மாதத்தில், நாவற்குடாவில் புஸ்பத்தின் புது வீட்டு அறைக்குள் தண்ணீர் சொட்டியது. மாரியில் சொட்டியிருந்தால் மழையின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். மழை கண்டு மூன்று மாதம். வெளியே மரங்கள் இலை சுருண்டு நிற்க, உள்ளே தலைக்கு மேல் முகட்டில் ஒரு பாய் அகலத்துக்கு ஈரம் படர்ந்து, அதன் நடுவிலிருந்து துளி துளியாகச் சருவச்சட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. இப்படியும் நடக்குமா என்று அவள் யாரிடம் போய்க் கேட்பது?

ஆறு வீடுகள் கொண்ட மூன்று மாடிக் கட்டடம் அது. புஸ்பத்தின் வீடு நடுமாடியில். கொக்கட்டிச்சோலையில் வளவும் வாசலுமாக ஐம்பத்திரண்டு வருசம் வாழ்ந்தவள் படியேறி வந்தது மகளுக்காக. இந்தப் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெற்றவர்கள் பின் வளவில் ஒரு சின்ன வீடு போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். மகள் விதுர்ஷா ரவுண் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், மாப்பிள்ளை மதுரனுக்கும் ரவுணில்தான் கந்தோர். அதனால் புருஷன் அழகரத்தினம் வட்டைக்குள் கிடந்த மூன்று ஏக்கர் வயலை விற்று இந்த மாடி வீட்டை வாங்கினார். மாடி வீட்டுக்குப் பின் வளவு எந்தப் பக்கம் இருக்கும் என்பதை வாங்கி முடித்த பிறகுதான் இரண்டு பேரும் யோசித்தார்கள்.

சொட்டுகிற அறைதான் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அறை. கலியாணம் ஆவணியில். வருகிற வியாழக்கிழமை காலை, நல்ல நேரத்தில், மதுரனின் தாய் அன்னப்பூரணி வாகரையிலிருந்து இனசனத்தோடு வீடு பார்க்க வருகிறாள். அவள் முன்னே வந்தபோதெல்லாம் முகடு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒழுக்கு தொடங்கியது சித்திரை வருசத்துக்குப் பிறகு. சீதன வீடு ஒழுகுது என்ற கதை வாகரைக்குப் போய்ச் சேர்ந்தால் கலியாணம் என்ன ஆகும்?

கட்டி விற்றவன் பிரதீஸ். கட்டாரில் வேலை செய்து திரும்பி வந்த இளம் இன்ஜினியர், மரியாதை தெரிந்த பிள்ளை. அந்த மரியாதைதான் பெரிய கரைச்சல். கோல் எடுத்தால் முதல் மணியிலேயே எடுப்பான், "நாளைக்குக் கட்டாயம் வாறன் அன்ரி" என்பான். இரண்டு மாதமாக அந்த நாளை வரவில்லை.

அதற்கிடையில் தெரிந்த மேசனைக் கூட்டி வந்து காட்டினாள். அவர் மேலே பார்த்த பார்வையிலேயே முடிவு சொல்லிவிட்டார்.

"மேல் வீட்டு பாத்ரூம்தான் அக்கா. வேற ஒண்டுமில்ல."

பைப் வேலை செய்கிறவர் வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டார். "பாத்ரூமா? ஆர் சொன்ன? சுவருக்குள்ள போற பைப் வெடிச்சிரிக்கி. சுவர உடைக்கணும்."

பெயின்ற் அடிக்கிறவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு. வாவிக் காத்துக் குடிச்ச சுவர். என்ன செய்தாலும் ஊறும்."

மூன்றையும் கேட்டுவிட்டு அவள் பிரதீஸுக்குக் கோல் எடுத்தாள். அவன் நாலாவது காரணம் ஒன்று வைத்திருந்தான்.

"புதுக் கொங்கிறீற் வேர்க்கும் அன்ரி. பயப்பிடாதீங்க."

"வேர்க்கிறதெண்டா எனக்குத்தான் தம்பி வேர்க்குது. கொங்கிறீற்றுக்கு என்ன கவல?"

ஒவ்வொருவர் சொல்லும்போதும் அதுதான் சரி என்று பட்டது. அவர்கள் படியிறங்கியதும் ஒன்றுமே விளங்கவில்லை. இரவுச் சோற்றுக்கு மாங்காய் போட்டு வைத்த மீன் ஆணத்தில் அன்று உப்பு இரண்டு தரம் விழுந்தது. அழகரத்தினம் தயிரை ஊற்றிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிய, கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"வயலில வரம்பு ஒழுகினா நண்டு வளை எவடத்த எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

"எனக்கென்னத்துக்கு இப்ப நண்டு?"

"உமியத் தூவி விட்டா தண்ணி இழுக்கிற பக்கம் உமி போகும். ஓட்டை அவடத்த. நாளைக்கு ஒரு பை உமி கொண்டு வாறன். மேல் வீட்டுப் புள்ளயிட்டக் கேட்டு வை."

மேல் வீடு கைறுன்னிஸாவுடையது. ஏறாவூர் மனிசி. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மகள் சஹ்லாவுக்கென்று வாங்கிய வீடு. அவர்களிலும் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த கைறுன்னிஸா, மறுநாள் பின்னேரம் உமிப் பையோடு வாசலில் நின்ற புருஷனையும் பெண்சாதியையும் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"அல்லா! பாத்ரூமுக்குள்ள உமியா?"

"ஒரு மணித்தியாலம்தான் ராத்தா. உங்கட தண்ணிதான் வருதோ எண்டு பாக்கணும்."

"என்ட தண்ணி எண்டா சும்மா விடுவனா? வாங்க, வாங்க. பாருங்க."

வடிகாலில் துணியை அடைத்து, கணுக்கால் அளவுக்குத் தண்ணீரை நிரப்பி, அழகரத்தினம் விதைப்பது போல ஒரு கைப்பிடி உமியை வீசினார். மூவரும் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். உமி மெல்ல மெல்ல நகர்ந்து கதவுப் பக்க மூலையில் சேர்ந்தது. "அந்தா, அவடத்ததான்!" என்று அழகரத்தினம் எழும்பினார். அப்போதுதான் கைறுன்னிஸா யன்னல் திறந்திருப்பதைக் கண்டாள். சாத்திவிட்டாள். கச்சான் காற்று நின்றதும் உமி மனம் மாறி வேறு பக்கம் போனது. தேத்தண்ணி குடித்து, வட்டிலாப்பம் சாப்பிட்டு, அஸர் தொழுதுவிட்டு அவள் வந்து பார்க்கும்போதும் உமி ஒரு முடிவுக்கு வரவில்லை. கடைசியில் துணியை எடுத்தார்கள். இருந்த உமி அத்தனையும் ஒரே நேர்கோட்டில் வடிகாலுக்குள் போய், அங்கேயே இறுகி நின்றுகொண்டது.

"இனி எங்கட தண்ணியும் போகாது" என்றாள் கைறுன்னிஸா. கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள். அழகரத்தினத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

கீழ் ஒழுக்குக்கு இரண்டு மாதம் வராத பிரதீஸ் மேல் அடைப்புக்கு அடுத்த நாளே வந்தான். வடிகாலைத் திறந்து கொடுத்துவிட்டு இறங்கியவனைப் புஸ்பம் படியில் மறித்து, அறைக்குள் கூட்டி வந்து, முகட்டுக்குக் கீழே நிறுத்தினாள். ஒரு துளி அவன் தோளில் விழுந்தது.

"இது வேர்வையா தம்பி?"

அவன் தோளைத் துடைத்தான். "இல்ல அன்ரி. ஒழுக்குத்தான்."

"அப்ப திருத்தித் தா. வியாழக்கிழமை மாப்பிள வீட்டார் வாறாங்க."

பிரதீஸ் பையிலிருந்து ஒரு கோவையை எடுத்தான். அதற்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். மேலே 'குறைப் பட்டியல்' என்று அச்சிட்டிருந்தது. கீழே இருபது வெறுங்கோடுகள். முதல் கோட்டில் புஸ்பத்தின் கையெழுத்தில், வட்டம் வட்டமாக, 'ஒரு குறையும் இல்லை. எல்லாம் நிறைவு' என்று எழுதியிருந்தது.

அவளுக்கு ஞாபகம் வந்தது. போன வருசம் இதே ஆனி. குடிபூரலுக்கு ஐயர் குறித்த நேரத்தில்தான் சாவி வாங்கினார்கள். நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி, பால் பொங்கிக்கொண்டிருந்தபோது பிரதீஸ் இந்தத் தாளைக் கொண்டு வந்து, கண்ணில் படுகிற குறையெல்லாம் எழுதுங்கள் என்றான். அப்போதே அவள் கண்ணில் மூன்று பட்டிருந்தன. குசினி யன்னல் சாத்துப்படவில்லை, ஒரு டைல்ஸ் தட்டினால் உள்ளே வெறுமையாகக் கேட்டது, சுவரில் மயிர் அளவு வெடிப்பு. பேனாவைக் கையில் எடுத்தவளுக்கு உடம்பு கூசியது. பிள்ளைக்குக் கொடுக்கிற வீடு. பால் பொங்குகிற நேரம். அந்த நேரத்தில் வாயால் சொல்லவே கூடாத சொல்லைக் கையால் எழுதி ஒப்பமும் வைப்பதா? அவள் நல்லதாகவே எழுதினாள்.

"நல்ல நேரத்தில குறை எழுதலாமா தம்பி? நீயும் ஒரு தமிழ்ப் பிள்ளதானே."

"உங்கள மட்டும் குறை சொல்லி என்ன அன்ரி." பிரதீஸ் மற்றத் தாள்களையும் எடுத்து வரிசையாகப் பரப்பினான். ஆறு வீடு, ஆறு தாள். கீழ் வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபர் அழகான எழுத்தில் 'இறைவன் அருளால் குறைவில்லை' என்று எழுதியிருந்தார். கைறுன்னிஸாவின் தாளில் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று ஒரே சொல். மற்ற மூன்றும் அதே மாதிரிதான். எல்லாமே மகளுக்கு வாங்கிய வீடுகள்.

"நான் சந்தோசப்பட்டன் அன்ரி. கட்டாரில ஒரு வீட்டுக்கு நூறு குறை எழுதுவாங்க. இஞ்ச ஆறு வீட்டுக்கும் ஒரு குறை இல்லயெண்டா, நான் எப்பேர்ப்பட்ட இன்ஜினியர் எண்டு நினைச்சன். தண்ணி ஊறாம மருந்து பூசின கொழும்புக் கொந்தராத்துக்காரனுக்கும் இதக் காட்டித்தான் அவன்ட கணக்க முடிச்சன். இப்ப வந்து பாரு எண்டா, உன்ட ஆக்களே குறை இல்லயெண்டு எழுதித் தந்திரிக்காங்களே எண்டு கேக்கான். நான் அதுக்கு என்ன சொல்ற?"

"அதுக்குத்தான் நாளைக்கு நாளைக்கு எண்டு சொன்னியா?"

"வந்து என்ன சொல்ற எண்டு தெரியாமத்தான் அன்ரி." அவன் குரல் இறங்கியது. "ஒரு வருச உத்தரவாதம் இரிக்கி. இந்த முப்பதாம் திகதியோட முடியுது. அதுக்குள்ள ஆறு வீட்டாரும் குறைய எழுதி ஒப்பம் வச்சுத் தந்தா, அவனயும் இழுக்கலாம், நானும் செய்வன். எழுதாட்டி என்னால ஏலா."

எழுதினால் ஊர் அறியும். எழுதாவிட்டால் முகடு ஒழுகும். அவன் போன பிறகு புஸ்பம் நிரம்பிய சருவச்சட்டியை வெளியே ஊற்றிவிட்டு வந்தாள். அழகரத்தினம் குறை எழுத நல்ல நேரம் தேடிக் கலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது, ஆத்திரத்தோடு ஒரு யோசனையும் வந்தது.

"நல்ல நேரத்தில எழுதப் போய்த்தானே இந்த வினை? இருக்கிறதிலயே கெட்ட நேரத்தப் பாருங்க. செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு ராகு காலம். அந்த நேரம் ஆரும் நல்லது செய்யமாட்டாங்க. குறை சொல்லத்தான் அது சரி."

அழகரத்தினம் இதில் எங்கே பிழை என்று யோசித்துப் பார்த்தார். இருக்கும் போலத் தெரிந்தது, ஆனால் கைக்கு அகப்படவில்லை. மற்ற வீட்டாருக்குச் சொன்னபோது அவர்களுக்கும் அகப்படவில்லை. "எங்களுக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல" என்றாள் கைறுன்னிஸா. "ஆனா இடையில அஸருக்கு விடணும்."

செவ்வாய் மூன்று மணிக்குப் புஸ்பத்தின் கூடத்தில் கதிரை போதவில்லை. தபாலதிபர் பேனாவோடு மேசையில் உட்கார்ந்தார். குசினியில் அவர் மனைவி தேத்தண்ணி ஊற்றினாள். பிரதீஸ் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். கைறுன்னிஸாதான் தொடங்கினாள்.

"என்ட குசினி டைல்ஸ் நாலு கழண்டிட்டுது. எழுதுங்க."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சாத்துப்படாத யன்னல், சாத்தினால் திறபடாத கதவு, கை வைத்தால் நடுங்குகிற படிக் கைபிடி, ஒரு சுவிச்சைப் போட்டால் பக்கத்து அறையில் எரிகிற லைற், மற்ற வீட்டில் குளித்தால் தன் வீட்டுக் குழாயில் நின்றுபோகிற தண்ணீர். ஒரு வருசமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. "எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்!" என்று ஒருவர் சொல்ல மற்றவருக்கு முகம் மலர்ந்தது. கலியாண வீட்டில்கூட இவ்வளவு கலகலப்பு இருக்காது. பிரதீஸும் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, தன் கொப்பியில் குறித்தான்.

நாற்பதாவதை எழுதிவிட்டுத் தபாலதிபர் நிமிர்ந்தார். "புஸ்பம், இனி உங்கட?"

எல்லோரையும் கூட்டியவள் அவள்தான். அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். மகள் விதுர்ஷா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். மகளுக்கு முன்னால் அந்தக் கதவைத் திறக்கப் புஸ்பத்தால் முடியவில்லை. ராகு காலமும் உதவவில்லை.

"மறுகா சொல்றன்" என்றாள்.

அந்த நேரத்தில்தான் வாசல் மணி அடித்தது. அழகரத்தினம் போய்த் திறந்தார். வெளியே அன்னப்பூரணி நின்றாள். தனியாக, பஸ் புழுதி அப்பிய முகத்தோடு, கையில் ஒரு கடதாசிப் பையில் வறுத்த கசுக்கொட்டையோடு.

கலியாணம் பேசிய வீட்டுக்குச் சம்பந்தி ராகு காலத்தில் வருவதா? வியாழன் வருகிறவள் செவ்வாயில் வருவதா? கதை வாகரைக்குப் போய்விட்டது, முறிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று புஸ்பம் நினைத்தாள். கூட்டத்தைக் கண்ட அன்னப்பூரணியும் வாசலிலேயே திகைத்து நின்றாள்.

"என்ன மச்சாள், இவ்வளவு ஆக்கள்? ஆருக்கும் ஏதும்..."

"ஒண்டுமில்ல மச்சாள். வீட்டு விசயம். உள்ளுக்கு வாங்க."

"உங்களோட தனியா ஒரு கதை கதைக்கணும்."

தனியாகக் கதைக்க எங்கே கூட்டிப்போவது? குசினியில் தபாலதிபரின் மனைவி. பக்கத்து அறையில் கைறுன்னிஸா தொழுதுகொண்டிருந்தாள். மிஞ்சியது சாத்திய அறைதான். புஸ்பம் அந்தக் கதவைப் பார்த்தாள், அன்னப்பூரணியைப் பார்த்தாள், கூடத்திலேயே ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். அன்னப்பூரணி உட்காரவில்லை. இனியும் பொறுத்தால் சொல்ல வராது என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"பரவாயில்ல, எல்லாரும் கேக்கட்டும். வியாழக்கிழமை நல்ல நேரத்தில, தட்டமும் கையுமா வந்து நிண்டு எனக்கு இதச் சொல்ல வாய் வராது. அதுதான் இந்த நேரத்தப் பாத்து வந்தன். வாகரையில சண்டைக்கு ஓடுப்பட்டுத் திரிஞ்ச காலம், மதுரனுக்குப் பன்னிரண்டு வயசு. கிட்ட ஒரு ஷெல் விழுந்தது. காயம் ஒண்டும் இல்ல. இடது காது மட்டும் போயிற்று. அந்தப் பக்கம் நிண்டு எவ்வளவு கத்தினாலும் அவனுக்குக் கேளா. மூணு தரம் உங்கட வீட்ட வந்தன் மச்சாள். மூணு தரமும் சொல்லத்தான் வந்தன், சொல்லாமத்தான் போனன். மறைச்சது பிழை. இனி நீங்க சொல்றதுதான்."

அழகரத்தினம் மெதுவாகக் கேட்டார். "அண்டைக்கு வாகரையில வேளாண்மை எப்பிடி எண்டு நான் கேக்க, அவர் பதில் சொல்லாம இருந்தாரே?"

"எந்தப் பக்கம் இருந்து கேட்டீங்க அண்ணன்?"

அவர் தன் இருக்கையை நினைத்துப் பார்த்தார். பிறகு இடது கையை உயர்த்திக் காட்டினார். அன்று முழுக்க அந்தப் பிள்ளையைப் பெருமைக்காரன் என்று ஏசியது நினைவுக்கு வந்து, கையை இறக்கத் தெரியாமல் நின்றார்.

"எனக்குத் தெரியும் மாமி" என்றாள் விதுர்ஷா. "முதல் நாளே அவர் சொன்னவர். நான் எப்பவும் வலப் பக்கம்தானே நடக்கிற."

புஸ்பம் மாடியில் நின்று எத்தனை தரம் பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் வாவிக்கரை வீதியில் போகும்போது மகள் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போவாள். வாகனத்துக்குப் பயந்து போகிறாள் என்று நினைத்திருந்தாள். பெற்ற மகளைப் பற்றித் தனக்கு இவ்வளவுதானா தெரியும் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. எது கூட என்று பிரிக்க முடியவில்லை.

எதிரே அன்னப்பூரணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புழுதியும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. வாகரையிலிருந்து பஸ் ஏறி, இந்த வெயிலில், ஒருத்தியாக வந்து, தெரியாத ஆட்களுக்கு நடுவில் தன் பிள்ளையின் குறையைச் சொல்லிவிட்டாள். புஸ்பமோ ஒரு முகட்டைச் சொல்ல முடியாமல் நிற்கிறாள்.

காது கொஞ்சம் மந்தமான தபாலதிபர் தாளிலிருந்து நிமிர்ந்தார். அவருக்குப் பாதிதான் விளங்கியிருந்தது.

"இது நாப்பத்தோராவது. இத எப்பிடி எழுதுற?"

"அது குறையில்ல ஐயா" என்றாள் புஸ்பம். "அத எழுதாதீங்க."

பிறகு, மகளைப் பாராமல், அன்னப்பூரணியை நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நாப்பத்தோராவதா என்ட வீட்டு முகட்ட எழுதுங்க. பிள்ளைகளுக்கெண்டு வச்ச அறை. ரெண்டு மாதமா ஒழுகுது. உங்களுக்குத் தெரியாம மறைச்சு வச்சிருந்தன் மச்சாள். வாங்க, காட்டுறன்."

விதுர்ஷா கதவைத் திறந்துவிட்டு விலகினாள். அன்னப்பூரணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். முகட்டில் பரந்து கிடந்த ஈரத்தை நிமிர்ந்து பார்த்தாள். யன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்துவதையும் பார்த்தாள்.

"மழையும் இல்ல. எங்க இருந்து மச்சாள் வருது?"

"பாத்ரூம் எண்டுறாங்க. பைப் எண்டுறாங்க. வாவி எண்டுறாங்க. வேர்க்குது எண்டும் சொன்னாங்க. எனக்கெண்டா ஒண்டுமே விளங்கல்ல."

கூடத்தில் பிரதீஸ் பேனா கேட்பது கேட்டது. தபாலதிபர் எல்லோருக்கும் பிறகு அவனிடமும் ஒப்பம் வாங்கிக்கொண்டிருந்தார். புதன்கிழமை காலையிலேயே ஆட்களோடு வருவதாக அவன் சொல்ல, அழகரத்தினத்தின் கை பழக்கத்தில் கலண்டர் பக்கம் போனது.

"நேரம் பாக்காதீங்க!" என்று அறைக்குள்ளிருந்து புஸ்பம் சத்தம் போட்டாள். "வரச் சொல்லுங்க!"

ஒரு துளி விழுந்தது. சட்டிக்குள் விழவில்லை, பக்கத்தில் நிலத்தில் தெறித்தது. காலையில் இருந்ததற்கு ஒழுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. அன்னப்பூரணி குனிந்து, தண்ணீர் தளும்பாமல் சட்டியை இரண்டு கையாலும் நகர்த்தி, அடுத்த துளி விழும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சரி மச்சாள்" என்றாள்.